லெபர்ட் டிஸ்க்: டிஎக்ஸ் ஒரு மாதிரி பறக்கிறது, சாம்பியன் வேறு மாதிரி. பிளாஸ்டிக்கா, வடிவமா?

கூடைக்குப்பக்கத்தில் (சார்லட்) எழுதியது:

வணக்கம் நண்பர்களே. இங்கே டிஸ்க் கோல்ஃப் (பறக்கும் தட்டைக் கூடையில் விழ எறிகிற ஆட்டம்) ஆடுகிறவர்கள் சிலர் இருக்கிறீர்கள் என்று தெரியும், அதனால்தான் கேட்கிறேன். நான் இருப்பது வட கரோலினாவில், சார்லட் பக்கம். எந்தப் பூங்காவுக்குப் போனாலும் சங்கிலி தொங்குகிற கூடை ஒன்று நிற்கிற ஊர். ஆபீஸில் கூட வேலை பார்க்கிறவர்கள் இழுத்துக்கொண்டு போய்ப் பழக்கிவிட்டார்கள். வலது கை, பேக்ஹேண்ட் மட்டும். நன்றாக விழுந்தால் 70 மீட்டர், இல்லாவிட்டால் மரம்.

என்னிடம் இன்னோவா கம்பெனியின் லெபர்ட் டிஸ்க் இரண்டு இருக்கிறது. ஒன்று டிஎக்ஸ், இருப்பதிலேயே மலிவான பிளாஸ்டிக். இன்னொன்று சாம்பியன், வெளிச்சம் ஊடுருவுகிற வழவழப்பான ரகம். எடை கிட்டத்தட்ட ஒன்றுதான். எண்களும் இரண்டுக்கும் ஒன்றுதான்: வேகம் 6, கிளைடு (மிதப்பு) 5, டர்ன் -2, ஃபேட் 1. ஆனால் டிஎக்ஸ் நேராகப் போய், நடுவில் மெல்ல வலது பக்கம் ஒதுங்கி, கடைசியில் ஏறக்குறைய நேராகவே இறங்குகிறது. சாம்பியன் வலது பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, கொஞ்ச தூரம் நேராகப் போய்விட்டு இடது பக்கம் சாய்ந்து விழுகிறது. பத்துக்கு எட்டு முறை இப்படித்தான்.

கடையில் கேட்டால் "பிளாஸ்டிக் வேறு, அப்படித்தான் பறக்கும்" என்கிறார்கள். கூட ஆடுகிற மெக்கானிக்கல் இன்ஜினியர் ஒருவர், காற்றுக்குப் பிளாஸ்டிக்கின் பெயரெல்லாம் தெரியாது, அதற்குத் தெரிந்தது வடிவம் மட்டும்தான், உன் கைதான் மாறுகிறது என்கிறார். இரண்டு பேரும் எப்படிச் சரியாக இருக்க முடியும்? கூடவே இன்னொன்று: டிஸ்க் வாங்கும்போது எண்ணைத் தவிர வேறு எதைப் பார்க்க வேண்டும்?

ஹைசர் மாமா (ராக் ஹில், தென் கரோலினா):

தம்பி, இரண்டு பேர் சொன்னதும் சரிதான். உங்கள் இன்ஜினியர் நண்பர் பாதியில் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். காற்றுக்கு வடிவம் மட்டும்தான் தெரியும் என்பது உண்மை. ஆனால் ஒரே அச்சில் வார்த்த இரண்டு பிளாஸ்டிக் ஒரே வடிவத்தில் வெளியே வருவதில்லை.

முதலில் டிஸ்க் ஏன் வலது இடது என்று போகிறது என்பதைப் பார்த்துவிடலாம். வலது கை பேக்ஹேண்டில் மேலிருந்து பார்த்தால் டிஸ்க் கடிகாரச் சுற்றாகச் சுற்றும். காற்று அதைத் தூக்குகிற விசை சரியாக நடுப்புள்ளியில் விழாது. வேகமாகப் போகும்போது நடுவுக்குக் கொஞ்சம் பின்னால் விழுந்து மூக்கை, அதாவது முன்விளிம்பை, கீழே அழுத்தப் பார்க்கும். வேகம் குறைந்து டிஸ்க் இறங்க ஆரம்பித்ததும், காற்று அடியிலிருந்து மோதுகிற கோணம் கூடும், அந்த விசை முன்னால் நகர்ந்து மூக்கைத் தூக்கப் பார்க்கும். சுற்றாத தட்டாக இருந்தால் மூக்கு தாழும், நிமிரும், அதோடு கதை முடிந்தது. சுற்றுகிற தட்டில் அந்தத் தள்ளல் 90 டிகிரி தள்ளித்தான் வெளிப்படும். அதனால் மூக்கை அழுத்துகிற விசை டிஸ்க்கை வலது பக்கம் சாய்க்கிறது, அதுதான் டர்ன். மூக்கைத் தூக்குகிற விசை இடது பக்கம் சாய்க்கிறது, அது ஃபேட். இடது கைக்காரர்களுக்கும் ஃபோர்ஹேண்டுக்கும் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த விசை எங்கே விழும், எப்போது முன்னால் நகரும் என்பதை முடிவு செய்வதில் பெரிய பங்கு ரிம் என்கிற தடித்த வெளி வளையத்துக்குத்தான். டிஸ்க்கின் வெளி விளிம்பை விரல் நகத்தால் மேலிருந்து கீழே தடவிப் பாருங்கள், ஓரிடத்தில் மெல்லிய கோடு தட்டுப்படும். மேல் அச்சும் கீழ் அச்சும் சேர்ந்த இடம் அது, பார்ட்டிங் லைன் என்பார்கள். டிஸ்க்கைத் தரையில் வைத்தால் அந்தக் கோடு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் விஷயம். உயரம் கூடினால் டிஸ்க் ஓவர்ஸ்டேபிள் பக்கம் போகும், அதாவது டர்ன் குறைந்து ஃபேட் கூடும். தாழ்ந்தால் அண்டர்ஸ்டேபிள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம்கூடப் பறப்பதில் தெரியும்.

இப்போது பிளாஸ்டிக்குக்கு வருவோம். உருகினதை அழுத்தத்தில் அச்சுக்குள் செலுத்துகிறார்கள், முழுக்க ஆறுவதற்கு முன்பே வெளியே எடுத்துவிடுகிறார்கள். எடுத்த பிறகும் அது சுருங்கிக்கொண்டுதான் இருக்கும். நடுத்தட்டு மெல்லியது, சீக்கிரம் ஆறிவிடும். ரிம் தடிமன், உள்ளே சூடு நின்று தாமதமாகச் சுருங்கும். அப்படிச் சுருங்கும்போது நடுத்தட்டை மேலே பிதுக்கும், ரிம்மையும் நூலளவு திருப்பும். டிஎக்ஸ் ஒரு கலவை, சாம்பியன் வேறு கலவை (விலை கூடின ரகங்கள் பெரும்பாலும் பாலியூரித்தேன் வகை), இரண்டும் சுருங்குகிற அளவு வேறு. அதனால் டோமும் (நடுத்தட்டின் உப்பல்) மாறும், அந்தக் கோட்டின் உயரமும் மாறும். பொதுவாக ஒரே அச்சில் சாம்பியன், டிஎக்ஸைவிட ஓவர்ஸ்டேபிளாக வரும் என்று ஆடுகிற எல்லோருக்கும் தெரியும், இன்னோவாக்காரர்களே சொல்வதுதான். ஆனால் அச்சுக்கு ஒரு எண் என்று வைத்துப் போட்டுவிடுகிறார்கள், பிளாஸ்டிக்குக்கு ஒன்று என்று போடுவதில்லை.

அந்த எண்களை யாரும் ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சரிபார்த்துக் கொடுப்பதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். பிடிஜிஏ (டிஸ்க் கோல்ஃப் விதிகளை வகுக்கிற சங்கம்) பார்ப்பது விட்டம், ரிம் ஆழம், ரிம் அகலம், எடை, வளையும் தன்மை, இதெல்லாம் விதிக்குள் இருக்கிறதா என்று மட்டும்தான். எப்படிப் பறக்கும் என்பது கம்பெனி சொல்வது. ஒரு கம்பெனியின் டர்ன் -1 இன்னொரு கம்பெனியின் -1 ஆக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

வீட்டில் செய்து பாருங்கள்: இரண்டு லெபர்டையும் சமமான மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், குனிந்து கண்ணை மேஜை மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். எது எவ்வளவு உப்பியிருக்கிறது, எதன் மூக்கு, அதாவது அந்தக் கோடு, உயரத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். கடையிலும் இதையே செய்யுங்கள், வெட்கப்பட வேண்டாம், ஒரே அச்சு ஒரே பிளாஸ்டிக்கில்கூட இரண்டு டிஸ்க் ஒன்று போல இருக்காது.

சும்மா_எறி:

70 மீட்டர் எறிகிறவருக்குப் பார்ட்டிங் லைன் ஆராய்ச்சி எதற்கு? கையைச் சரி பண்ணுங்கள் சார் முதலில். மூக்கு தூக்கி எறிந்தால் எந்தப் பிளாஸ்டிக்கும் இடது பக்கம்தான் விழும்.

டொரண்டோ குளிர்:

சும்மா_எறி சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் கேட்டவர் இரண்டையும் ஒரே கையால்தானே எறிகிறார். வித்தியாசம் கையில் மட்டும் என்றால் இரண்டுமல்லவா இடது பக்கம் விழவேண்டும்.

மாமா எழுதினது வடிவாக விளங்குகிறது, நான் விட்டுப்போன இரண்டு விஷயத்தைச் சொல்கிறேன்.

ஒன்று தேய்மானம். தம்பி, உங்கள் டிஎக்ஸ் எவ்வளவு மரம் பார்த்திருக்கிறது? டிஎக்ஸ் மென்மையான சரக்கு. ஒரு பைன் மரத்தில் முழு வேகத்தில் மோதினாலே மூக்கில் காயம் விழும், கல்லில் உரசினால் ரிம்மின் அடிப்பக்கம் சுரண்டுபடும். இப்படி அடிபட அடிபட டிஸ்க் அண்டர்ஸ்டேபிளாக மாறிக்கொண்டே போகும். கடையில் வாங்கிய அன்று இருந்த லெபர்ட் இப்போது உங்கள் பையில் இல்லை. சாம்பியன் அதே அடியை வாங்கிக்கொண்டு பல மாதம் அப்படியே நிற்கும். ஆகவே உங்கள் இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்கு அச்சிலிருந்து வந்தது, இன்னொரு பங்கு மரத்திலிருந்து வந்தது.

இதைக் குறை என்று நினைக்கவேண்டாம். பழைய ஆட்டக்காரர்கள் டிஎக்ஸில் ராக் என்கிற மிட்ரேஞ்சை (நடுத்தரத் தூரத்துக்கான டிஸ்க்) வேண்டுமென்றே இப்படிப் பழக்கி வைத்திருப்பார்கள். புதிது ஒன்று, அது காற்றை எதிர்த்து நின்று இடது பக்கம் முடியும். பாதி அடிபட்டது ஒன்று, நேராகப் போகும். நன்றாக அடிபட்டது ஒன்று, வலது பக்கம் திரும்பி அப்படியே போகும். மூன்றும் கையில் ஒரே மாதிரித்தான் இருக்கும், விரல் வைக்கிற இடம் ஒன்று, விடுகிற உணர்வும் ஒன்று. மூன்று அச்சு வாங்கிப் பழகுவதைவிட இது எவ்வளவோ நல்லது என்பது என் எண்ணம். அச்சுகளை வாங்கிக் குவிக்கிறவர்களோடு எனக்கு இதில் எப்போதும் சண்டைதான்.

இரண்டாவது குளிர். நான் ஆடுவது ஈ.டி. சீட்டன் பார்க்கில், இங்கே பனியிலும் விடமாட்டோம். குளிரில் எல்லாப் பிளாஸ்டிக்கும் விறைக்கும், சாம்பியன் மாதிரி வழவழப்பானது கண்ணாடித்தட்டாகிவிடும், விரல் வழுக்கிக் கொஞ்சம் முன்னதாகவே கையை விட்டுப் போய்விடும். டிஎக்ஸுக்குப் பிடி நன்றாக இருக்கும், ஆனால் கடுங்குளிரில் மரத்தில் பட்டால் வெடிக்கவும் செய்யும். வெயில் காலத்தில் இதற்கு நேர்மாறு, இளகின ரகங்கள் கையில் தொளதொளவென்று வளையும். காற்றுக்குப் பிளாஸ்டிக் தெரியாது என்பது சரி, விரலுக்குத் தெரியுமே. பிடி நழுவினால் சுற்று குறையும், சுற்று குறைந்தால் ஃபேட் சீக்கிரம் வரும். உங்கள் சாம்பியன் இடது பக்கம் விழுவதில் இதுவும் சேர்ந்திருக்கலாம். வியர்வைக் கையோடு எறிகிறீர்களா, துடைத்துவிட்டு எறிகிறீர்களா என்று பாருங்கள்.

கனமான_விளிம்பு (டென்வர்):

"காற்றுக்கு வடிவம் மட்டும்தான் தெரியும்" என்பதை அப்படியே விட்டுவிட முடியாது. காற்றுக்குத் தெரியாவிட்டாலும் சுழற்சிக்கு எடை எங்கே இருக்கிறது என்று தெரியும். எம்விபி கம்பெனி டிஸ்க்குகளைப் பார்த்திருப்பீர்கள், நடுவில் ஒரு பிளாஸ்டிக், வெளி விளிம்பைச் சுற்றி வேறு நிறத்தில் இன்னொரு பிளாஸ்டிக் வார்த்து ஒட்டினது. விளிம்பில் போடுகிற சரக்கு அடர்த்தி கூடினது. மொத்த எடை அதேதான், ஆனால் எடை வெளியே தள்ளி இருப்பதால் சுற்று அவ்வளவு சீக்கிரம் சாகாது, சாய்வதும் தாமதமாகும். விளம்பரத்தில் சொல்கிற அளவுக்குப் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் வடிவத்தைத் தொடாமல் பிளாஸ்டிக்கின் அடர்த்தி மட்டும் வைத்துப் பறப்பதை மாற்றுகிற வழி ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

எடையும் அதே கதைதான். பிடிஜிஏ விதிப்படி விட்டத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராம் வரை போகலாம், அதனால்தான் 21.1 சென்டிமீட்டர் டிரைவர்கள் (தூரம் எறிகிற டிஸ்க்குகள்) 175 கிராமில் நிற்கின்றன, கொஞ்சம் அகலமான மிட்ரேஞ்ச்களும் பட்டர்களும் (கூடைக்குப் பக்கத்தில் எறிகிறவை) 180 வரை போகின்றன. ஒரே அச்சில் 150 கிராம் எடுத்தால் அதே கைவேகத்துக்கு இலகுவாகத் திரும்பும், எதிர்க்காற்றில் அலைக்கழியும். இன்னோவா பிளிஸார்ட் என்று ஒரு பிளாஸ்டிக் உண்டு, உள்ளே நுண்ணிய காற்றுக் குமிழிகள் விட்டு எடையைக் குறைத்தது. அகல ரிம் வைத்த டிரைவரை அவ்வளவு இலேசாக வார்க்க அதுதான் வழி.

நான் இருக்கிற ஊர் 1,600 மீட்டர் உயரம், கடல் மட்டத்தைவிடக் காற்று சுமார் 15 சதவீதம் அடர்த்தி குறைவு. இங்கே எல்லா டிஸ்க்கும் ஒரு படி ஓவர்ஸ்டேபிளாக நடந்துகொள்ளும். சமவெளியிலிருந்து வருகிறவர்கள் தங்கள் டிஸ்க்கைத் திட்டிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். சார்லட்டில் உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

கூடைக்குப்பக்கத்தில்:

எல்லோருக்கும் நன்றி. மாமா சொன்னபடி சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பார்த்தேன் (வீட்டில் ஒரு மாதிரி பார்த்தார்கள்). எதிர்பார்த்ததற்கு மாறாக டிஎக்ஸ்தான் தட்டையாக இருக்கிறது, சாம்பியன் நன்றாக உப்பியிருக்கிறது. ஆனால் சாம்பியனின் மூக்கு உயரத்தில் நிற்பது கண்ணுக்கே தெரிகிறது. டிஎக்ஸின் விளிம்பில் நகம் வைத்தால் பள்ளமும் மேடுமாக இருக்கிறது, ஒரு பக்கம் கோட்டையே காணோம், அதைச் சாப்பிட்டது எந்த மரம் என்றுகூட எனக்குத் தெரியும்.

உப்பியிருந்தால் அதிகம் மிதக்கும் என்று எங்கோ படித்தேன், அப்படியானால் சாம்பியன் ஏன் சீக்கிரம் விழுகிறது? அப்புறம் ஒரு நண்பர் ஸ்டார் பிளாஸ்டிக்கில் டெஸ்ட்ராயர் என்கிற டிரைவர் ஒன்று கொடுத்தார், 12, 5, -1, 3 என்று போட்டிருக்கிறது. அதை எறிந்தால் லெபர்ட் போகிற தூரம்கூடப் போவதில்லை. அதுவும் பிளாஸ்டிக்கா? இன்னொரு சந்தேகம், டிஎக்ஸின் விளிம்பில் பிசிறு நிற்கிறது, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

ஹைசர் மாமா:

டோமும் மூக்கும் தனித்தனிச் சமாச்சாரம். டோம் இருந்தால் மிதப்பு கூடும் என்பது பெரும்பாலும் சரி. ஆனால் வலதா இடதா என்பதை முக்கியமாக மூக்கின் உயரம்தான் முடிவு செய்கிறது. உங்கள் சாம்பியன் மிதந்துகொண்டே இடது பக்கம் போகிறது, அவ்வளவுதான். மிதப்பு இருப்பதால் ஃபேட் ஆரம்பித்த பிறகும் காற்றில் நேரம் கிடைக்கிறது, அதனால் இன்னும் கொஞ்சம் இடது பக்கம் தள்ளிப் போய் விழும். ஃபயர்பேர்ட் என்கிற ஓவர்ஸ்டேபிள் டிரைவரைத் தட்டையாகத் தேடித்தேடி வாங்குகிறார்களே, அவர்களுக்கு மிதப்பு வேண்டாம், எங்கே விழும் என்று தெரிந்தால் போதும்.

பட்டர்களில் இன்னொன்று உண்டு, பீட். ரிம்மின் அடி விளிம்பில் மெல்லிய வரப்பு ஒன்று ஓடும், விரலால் தடவினால் தெரியும். இன்னோவாவின் ஏவியார் பட்டரில் பீட் உள்ளதும் இருக்கிறது, இல்லாததும் இருக்கிறது. பீட் உள்ளது காற்றில் கொஞ்சம் உறுதியாக நிற்கும். பன்னிரண்டு முறை உலகச் சாம்பியனான கென் கிளைமோ பெயரில் வருகிற கேசி ஏவியார் பீட் வைத்ததுதான்.

டெஸ்ட்ராயருக்குப் பிளாஸ்டிக் காரணமே இல்லை, அது முழுக்க வடிவம். அதன் ரிம் 2.2 சென்டிமீட்டர் அகலம். அகல ரிம், கூர்மையான மூக்கு, இதெல்லாம் காற்றின் இழுவையைக் குறைப்பதற்காக. 1983இல் இன்னோவாவின் டேவ் டனிபேஸ் ஈகிள் என்கிற டிஸ்க்கில் விளிம்பைச் சரிவாகச் செதுக்க ஆரம்பித்ததிலிருந்து டிரைவர்கள் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கின்றன. ஆனால் அந்த மூக்கு வேலை செய்ய வேகம் வேண்டும். வேகம் 12 என்றால் அது வேகமாகப் போகும் என்று அர்த்தமில்லை, அவ்வளவு வேகமாக எறிந்தால்தான் மற்ற மூன்று எண்ணும் உண்மையாகும் என்று அர்த்தம். 100 மீட்டருக்கு மேல் சாதாரணமாக எறிகிறவர்கள் கையில்தான் டெஸ்ட்ராயர் டர்ன் காட்டும். உங்கள் கைவேகத்தில் அது பிறக்கும்போதே ஃபேடில் இருக்கிறது. பையிலிருந்து எடுத்துவிடுங்கள். லெபர்டும் ஒரு பட்டரும் போதும், ஏவியாரை முழு வீச்சில் எறிந்து பழகுங்கள், கையில் உள்ள கோளாறையெல்லாம் அது உடனே காட்டிக்கொடுக்கும். சும்மா_எறி சொன்ன மூக்குக் கதையும் அதில் தெரிந்துவிடும்.

நேரம் கிடைத்தால் யுஎஸ்டிஜிசி (அமெரிக்க டிஸ்க் கோல்ஃப் சாம்பியன்ஷிப்) நடக்கும்போது இங்கே வின்த்ராப் பல்கலைக்கழகம் பக்கம் வாருங்கள், 1999இலிருந்து இங்கேதான் நடக்கிறது, உங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரம். பெரிய ஆட்டக்காரர்கள் பையில் ஒரே அச்சு நாலைந்து இருக்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பதத்தில்.

டொரண்டோ குளிர்:

உப்புத்தாள் பற்றி: பிசிறை மட்டும் எடுக்கலாம். வார்ப்பில் வந்த பிசிறையும் அடிபட்டு எழும்பின சுரண்டலையும் மிதமாகத் தேய்த்துச் சமன் செய்ய பிடிஜிஏ விதி அனுமதிக்கிறது. ஆனால் பறப்பதை மாற்றவேண்டும் என்று ரிம்மைத் தேய்த்தால் டிஸ்க் செல்லாது. சாயம் போடலாம், தடிமன் தெரிகிற மாதிரிப் பெயிண்ட் அடிக்கக்கூடாது. வெடிப்பு விழுந்தால் போட்டியில் அதை எறிய முடியாது, டிஎக்ஸ் வைத்திருக்கிறவர்கள் குளிர்காலத்துக்குப் பிறகு ஒருமுறை வளைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. 400ஆம் எண் தாள் போதும், தண்ணீர் தொட்டு, விரலைக் குத்துகிற இடத்தில் மட்டும்.

கூடைக்குப்பக்கத்தில்:

சரி, டெஸ்ட்ராயரைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். ஏவியார் டிஎக்ஸில் வாங்கவா, ஸ்டாரில் வாங்கவா?

ஹைசர் மாமா:

டிஎக்ஸ். விலை பாதி, பிடி நன்றாக இருக்கும், மழை நாளில் மட்டும் துண்டு எடுத்துக்கொண்டு போங்கள்.

சும்மா_எறி:

நிறம் மட்டும் பச்சையில் வாங்காதீர்கள்.